எரியும் பனிக்காட்டின் மருத்துவர்: ஒரு நாவலும் ஒரு திரைப்படமும்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து மேலே சென்றால், கவர்க்கல் அருகே கார்வர் மார்ஷ் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் சிலை நிற்கிறது. 1890-களில் இம்மலைக்கு வந்து, காட்டை வெட்டித் தோட்டம் போட்ட முன்னோடிகளுள் அவர் ஒருவர். சிலையின் கை பள்ளத்தாக்கை நோக்கி நீண்டிருக்கிறது. அப்பள்ளத்தாக்குகளில் தேயிலை நட்டவர்களுக்கும், நட்டவர்கள் நோயுற்றபோது அவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கும் சாலையோரத்தில் நினைவுச் சின்னம் எதையும் நாம் கண்டதில்லை. அவர்களுக்கு இருப்பது ஒரு நாவல். அந்நாவலைத் தழுவிய திரைப்படம் ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ என்ற நாவல் 1969-இல் வெளிவந்தது. இரா. முருகவேளின் தமிழாக்கமான ‘எரியும் பனிக்காடு’ 2007-இல் வந்தது. அதனைத் தழுவி இயக்குநர் பாலா எடுத்த ‘பரதேசி’ 2013 மார்ச் மாதத்தில் திரைக்கு வந்தது. அப்படம் வந்தபோது நம் திருச்சபை வட்டங்களில் மனவருத்தம் மிகுந்தது. படத்தில் வரும் பரிசுத்தம் என்னும் கிறிஸ்தவ மருத்துவர், கொள்ளைநோயில் மடியும் மக்களிடையே வெள்ளைக்கார மனைவியோடு வந்து, மருந்தையும் மதத்தையும் ஒரே கையால் கொடுத்து, ஆடிப்பாடி ஆள் சேர்க்கும் கோமாளியாகக் காட்டப்படுகிறார். இது அவதூறு என்றனர் நம்மவர். அக்கூற்றில் நியாயம் இருந்தது. ஆனால் அன்று வருந்தியவர்களுள் எத்தனை பேர் மூல நாவலைக் கையில் எடுத்துப் படித்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. படித்திருந்தால் திரைப்படம் தந்த மனக்குறையைவிடக் கடினமான ஒரு கேள்வியை அதில் சந்தித்திருப்பார்கள்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள். டேனியல் 1940-களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியேற்று, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தவர். மருந்துச் சீட்டு எழுதுவதோடு அவர் நின்றுவிடவில்லை. தோட்ட ஊழியர்களின் சங்கத்தைக் கட்டி எழுப்புவதிலும் முன்னின்றார். தோட்டத்து மருத்துவர் என்பவர் நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர். அவர் சங்கம் கட்டப் புறப்படுவது இன்றைக்கும் எளிதன்று. அன்றைக்கு எப்படியிருந்திருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. பணிக்காலம் முடிந்தபின் அவர் இந்நாவலை எழுதினார். கதை நிகழ்வதோ 1920-களின் பிற்பகுதியில்; அதாவது, அவர் மலையேறுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னர். ஆகவே இதனைத் தன்வரலாறு என்று கொள்வது பிழையாகும். முதிய தொழிலாளர்கள் தம்மிடம் சொன்ன நினைவுகளைத் திரட்டி, தாம் பிறகு கண்ட துன்பங்களை அளவுகோலாக வைத்து, அவர் அக்காலத்தை மீட்டெடுத்திருக்கிறார். நோயாளியின் வாயைக் கேட்டுப் பழகிய ஒருவரின் நாவல் இது. அதன் பலமும் பலவீனமும் அங்கேதான் பிறக்கின்றன.

கதைச் சுருக்கத்தை நீட்ட விரும்பவில்லை. திருநெல்வேலிச் சீமையின் மயிலோடை என்ற வறண்ட சிற்றூரில் வாழும் கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதியர், மேஸ்திரி ஒருவனின் இனிய சொல்லிலும் முன்பணத்திலும் மயங்கி ஆனைமலைக்குப் போகிறார்கள். ஓராண்டு உழைத்துப் பணம் சேர்த்துத் திரும்பிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. மேஸ்திரியின் கணக்கோ வேறு.

அந்த வேறு கணக்கைத்தான் டேனியல் மிகத் தெளிவாக எழுதியிருக்கிறார் என்பது நம் கருத்து. தோட்ட வாழ்வைக் குறித்துப் பேசும்போது நாம் பெரும்பாலும் சாட்டையையும் வசையையும் நினைக்கிறோம். அவை இருந்தன. ஆயினும் மக்களைக் கட்டிவைத்தது கணக்குப் புத்தகமே. ஆள் கூட்டிவரும் மேஸ்திரி தோட்டத்திடமிருந்து முன்பணம் பெறுகிறான். அதில் ஒரு பங்கைக் குடும்பத்திற்குக் கொடுக்கிறான். தான் கூட்டிவந்த ஒவ்வோர் ஆளும் வேலை செய்யும் நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகும் வாங்குகிறான். தொழிலாளியின் கூலி கையில் வருவதில்லை. வாரச் செலவுக்குச் சிறு தொகையும், அரிசியும் கம்பளியும் கணக்கில் பற்று வைக்கப்பட, ஆண்டு முடிவில்தான் கணக்குத் தீர்க்கப்படும். காய்ச்சலில் படுத்த நாட்களுக்குக் கூலி இல்லை. ஆனால் தின்ற அரிசிக்குப் பற்று உண்டு. எனவே நோய்தான் கடனின் தாய். கொசு கடித்தவன் கடன்காரனாகிறான். கடன்காரன் மலையை விட்டு இறங்க இயலாதவனாகிறான். இறங்க இயலாதவனை மறு ஆண்டும் கொசு கடிக்கிறது. பொருளாதாரத்தையும் உடற்கூற்றையும் இவ்வாறு ஒரே முடிச்சாகக் காண ஒரு மருத்துவரால்தான் முடியும் போலும்.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுச் செல்வதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சென்னை மாகாணத் தோட்டங்களுக்கென்று 1903-இல் தனிச் சட்டமும் வந்தது. இவை இரண்டும் 1920-களிலேயே நீக்கப்பட்டன. அப்படியானால் நாவலின் மாந்தர் ஏன் தப்பிப் போகவில்லை? இதற்கு விடை நாவலின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. காடு இருந்தது, காவல் இருந்தது, கைக்குழந்தை இருந்தது. சட்டம் நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை. ஏட்டில் கிடைத்த விடுதலை எவ்வளவு தாமதமாக மலையேறுகிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று தமிழில் அரிது.

கைக்குழந்தை என்றோம். இந்நாவலை உழைப்புச் சுரண்டலின் கதையாக மட்டும் படிப்பவர்கள் ஒன்றைத் தவற விடுகிறார்கள். ஆனைமலைத் தோட்டங்கள் தனி ஆட்களைத் தேடவில்லை, குடும்பங்களைத் தேடின. கொழுந்து பறிக்கப் பெண்ணின் விரல்கள் வேண்டும். கவ்வாத்து வெட்டவும் குழி தோண்டவும் ஆண் வேண்டும். களை பறிக்கவும் சில்லறை வேலைகளுக்கும் சிறுவர் வேண்டும். குடும்பமே கூலி அலகாயிற்று. விடியுமுன் தாய் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். குழந்தையை லைன் வீட்டில் விட்டால், அதனைக் காப்பது ஆறேழு வயதான அக்காள். நிரையின் ஓரத்தில் கிடத்தினால் மழையும் அட்டையும். கருவுற்ற தாய்க்கு மலேரியா வந்தால் இரத்தம் குன்றும், கரு நிலைப்பது அரிது, பிறந்தாலும் எடை குறைந்தே பிறக்கும் என்பது இன்று எந்த மருத்துவ மாணவரும் அறிந்தது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவரைக் கொக்கிப் புழு பற்றுகிறது. அதுவும் இரத்தத்தையே குடிக்கிறது. இப்படி இருமுனையிலும் வற்றிய தாயிடம் பால் எங்கே சுரக்கும்? டேனியல் இதைப் பாடமாக எழுதாமல் வீட்டுக்கு வீடு நிகழும் துயரமாக எழுதுகிறார். வள்ளியைப் போன்ற பெண்கள் மேஸ்திரிகளுக்கும் துரைமாருக்கும் அஞ்சி வாழ்வதை அவர் மறைக்கவில்லை. அதைச் சுவைப்படுத்தவுமில்லை; அதற்காக அவருக்கு நன்றி கூற வேண்டும்.

இனிக் குறைக்கு வருவோம். நாவலின் பிற்பகுதியில் டாக்டர் ஆபிரகாம் வருகிறார். முறையான பயிற்சி பெற்றவர், தன்மானம் உள்ளவர், துரையின் முன் கூனிக் குறுகாதவர். அவர் வரவால் மருத்துவமனை மருத்துவமனையாகிறது. மனிதர் மனிதராக நடத்தப்படுகின்றனர். இப்பகுதியை மனநிறைவோடுதான் படிக்கிறோம். ஆனால் புத்தகத்தை மூடியபின் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. அதுவரை தாங்களே நினைத்து, தாங்களே அஞ்சி, தாங்களே தவறு செய்து, தாங்களே ஒருவரையொருவர் தாங்கி வந்த மக்கள், மருத்துவர் வந்தபின் மெல்ல மெல்ல நோயாளிகளாக மாறிவிடுகிறார்கள். கதையின் கண் லைன் வீட்டிலிருந்து மருத்துவர் குடியிருப்புக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. முன்னர் வள்ளியின் கண்கொண்டு ஆஸ்பத்திரியைப் பார்த்தோம்; பின்னர் ஆபிரகாமின் கண்கொண்டு வள்ளிகளைப் பார்க்கிறோம். ஆசிரியர் மருத்துவர் என்பதால் இப்பிழை இயல்பானது எனலாம். எனினும் அது பிழையே. தாம் 1940-களில் செய்ய விரும்பியதை 1920-களுக்குப் பின்தள்ளி, அங்கே தமக்கு முன்னோடி ஒருவரைப் படைத்துக்கொண்டார் டேனியல் என்று நமக்குத் தோன்றுகிறது. அம்மக்களின் வாழ்நாளில் அத்தகைய ஒருவர் வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் அதில் உள்ளது. ஏக்கத்தை நாம் மதிக்கிறோம். அதனை வரலாறாக ஏற்கத் தயங்குகிறோம்.

மொழியும் இதோடு தொடர்புடையதே. இந்நாவல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதால், யாருடைய கதையோ அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முப்பத்தெட்டு ஆண்டுகள் அதனைப் படிக்க இயலவில்லை. துரைமாரின் மொழியில், துரைமாரின் மனச்சாட்சியை நோக்கி எழுதப்பட்ட முறையீடு அது. முருகவேள் அதைத் தமிழாக்கியபோது மொழிபெயர்த்ததோடு முகவரியையும் மாற்றினார் என்று சொல்வது மிகையாகாது. மூலத் தலைப்பு தேநீரின் நிறத்தைக் காட்டி இரத்தத்தை நினைவூட்டியது. குடிப்பவரை நோக்கிய தலைப்பு அது. தமிழ்த் தலைப்போ பனியையும் நெருப்பையும் ஒருசேரச் சொல்லி, அந்தக் குளிரில் வாழ்ந்தவரை நோக்குகிறது.

திரைப்படத்தை இந்நிலையில் வைத்துப் பார்ப்போம். பாலா காலத்தை 1939-க்கு நகர்த்தினார். ஊரைச் சாலூர் என்றார். கருப்பனின் இடத்தில் ராசா என்ற, ஊராரின் ஏளனத்துக்கு ஆளான, தண்டோரா போடும் இளைஞனை வைத்தார். நாஞ்சில் நாடனின் உரையாடலும் செழியனின் ஒளிப்பதிவும் படத்திற்கு அணி செய்கின்றன. முன்பாதியின் கிராமம் சற்று மிகைநடிப்பாகத் தோன்றினும், மலையேறும் நெடும்பயணமும், வழியில் விழுந்தவனைக் கைவிட்டு நடக்கும் கூட்டமும் மறக்கவொண்ணாதவை. ஆனால் டாக்டர் ஆபிரகாம் டாக்டர் பரிசுத்தமாக மாறிய இடத்தில் படம் தடுமாறுகிறது.

நம் குற்றச்சாட்டு, கிறிஸ்தவரைக் கேலி செய்துவிட்டார்கள் என்பதன்று. கேலியைத் தாங்கும் வலு திருச்சபைக்கு இருக்க வேண்டும். மதமாற்றம் டேனியலின் நாவலுக்குப் பொருளே அன்று. அதைக் கொண்டுவந்து திணித்ததால் வேறொன்று வெளியே தள்ளப்பட்டது என்பதே நம் குறை. மருத்துவம் இரக்கத்திலிருந்து உரிமைக்கு நகர முடியும் என்ற செய்தி தள்ளப்பட்டது. சங்கம் தள்ளப்பட்டது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1954 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தபோது, வீடும் குடிநீரும் மருத்துவமும் நிர்வாகத்தின் கடமையாயின. ஐம்பதும் அதற்கு மேலும் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமாயிற்று. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரை வேலைக்கு வைப்பது தடுக்கப்பட்டது. மகப்பேற்றுக் காலத்திற்கு உதவித்தொகை சட்டத்தில் இடம் பெற்றது. டேனியல் மலையில் பணியாற்றிய ஆண்டுகளின் நடுவிலேயே இவை யாவும் நிகழ்ந்தன. நிரையோரத்தில் கிடத்தப்பட்ட குழந்தைக்கு ஒரு கூரையும் ஆயாவும் கிடைத்தது ஒரு மருத்துவரின் நல்லெண்ணத்தால் அன்று; பலருடைய போராட்டத்தின் விளைவான ஒரு சட்டப் பிரிவால். படத்தின் பார்வையாளர் இதனைக் கனவிலும் ஊகிக்க மாட்டார். அவருக்குக் கிடைப்பது முடிவில்லாத இருள் மட்டுமே.

இவ்வளவும் கூறியபின், பரிசுத்தத்தின் கோமாளித்தனத்தில் நமக்குரிய பங்கு எதுவுமே இல்லையா என்றும் கேட்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம். ஆலயம் கட்ட ஒரு துண்டு நிலமும், ஆயர் உள்ளே வர அனுமதியும், கிறிஸ்துமஸ் கூடுகைக்கு ஒரு விடுமுறையும் துரையின் இசைவால் வந்தவை. இசைவு கொடுத்தவரை நோக்கி ஆலயத்தில் என்ன பேசப்பட்டது, என்ன பேசப்படாமல் விடப்பட்டது? தோட்டத்துச் சிற்றாலயங்களின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர் யாரேனும், அந்தந்தச் சபைகளின் பழைய குறிப்பேடுகளை இக்கேள்வியோடு புரட்டிப் பார்ப்பாராக. மற்றொன்றும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து மலையேறியவர்களுள் பலர் கிறிஸ்தவர்களாகவே ஏறினர். தங்கள் வேதபுத்தகத்தையும் கீர்த்தனைகளையும் தாங்களே சுமந்து வந்தவர்கள் அவர்கள். எந்த மருத்துவரும் அவர்களுக்கு விசுவாசத்தைக் கலக்கிக் கொடுக்கவில்லை. படம் இதனை அறியவில்லை. நம்முடைய மிஷன் வரலாறுகளும் இதனைப் போதிய அளவு சொல்லியிருப்பதாக நமக்குப் படவில்லை. அவை அனுப்பப்பட்டவர்களைப் பற்றியே பேசுகின்றன.

படத்தில் நம்மை உண்மையில் கவர்ந்த இடம் வேறு. கணவன் தோட்டத்தைவிட்டு ஓடிப்போக, சிறு மகளோடு தனித்து விடப்பட்ட மரகதம் என்ற பெண்ணோடு ராசா ஒரே குடிசையில் குடியமர்த்தப்படுகிறான். அவர்களிடையே வளர்வது காதலன்று. ஒரே அடுப்பின் உறவு. கொள்ளைநோய் மரகதத்தைக் கொண்டுபோன பின், அவளுடைய மகள் ராசாவின் பொறுப்பாகிறாள். தப்ப முயன்றதற்காகக் கால் நரம்பு அறுக்கப்பட்ட, தன் மகனின் முகத்தையே காணாத ஒருவன், பிறர் பிள்ளைக்குத் தகப்பனாகிறான். மருத்துவர் ஆடிப் பாடிக்கொண்டிருக்கும் அதே மலையில், உண்மையான பிள்ளைப் பராமரிப்பு ஒரு நொண்டிக் கூலியின் குடிசையில் ஓசையின்றி நடைபெறுகிறது. பாலா இதனைத் திட்டமிட்டு எதிர்நிறுத்தினாரா என்பதில் நமக்கு ஐயமுண்டு. ஆயினும் நாவல் செய்யத் தவறியதைப் படம் இங்கே செய்துவிட்டது. துன்புறும் மக்களுக்குள்ளேயே தாங்குவோரும் தோன்றுகின்றனர் என்பதை அது காட்டிவிட்டது.

இவ்விடத்தில் கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு நமக்கு உதவும். அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ பழங்குடியில் 1910-இல் பிறந்தவர் ஆனி டாட்ஜ் வானெகா. 1918-இன் இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் அவர் படித்த உறைவிடப் பள்ளியைத் தாக்கியபோது, இலேசாகத் தாக்குண்டு தேறிய அச்சிறுமி, நோயுற்ற மற்றப் பிள்ளைகளுக்குப் பணிவிடை செய்தாள். 1951-இல் தம் மக்களின் ஆட்சிமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, காசநோய்க்கு எதிரான பணியை மேற்கொண்டார். மருத்துவமனைகளைவிட்டு ஓடிவந்த நோயாளிகளை வீடு வீடாகத் தேடிச் சென்றார். மரபு வைத்தியர்களோடு அமர்ந்து பேசினார். மருத்துவச் சொற்களுக்கு நவஹோ மொழியில் அகராதி தொகுத்தார். அம்மொழியிலேயே வானொலியில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான உடல்நலம் குறித்துப் பேசினார். 1963-இல் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அவர் மருத்துவர் அல்லர். மருத்துவரையும் மக்களையும் இணைத்த மொழி அவர். ஆபிரகாமுக்கும் வள்ளிக்கும் இடையில் நாவல் வெறுமையாக விட்ட இடம் எது என்பதை வானெகாவின் வாழ்வை அறிந்தபின்பே நாம் தெளிவாக உணர்ந்தோம்.

அம்மக்களின் வரலாற்றில் கசப்பான பக்கமும் உண்டு. அதை ஆயர்களும் மாணவர்களும் அறிந்திருப்பது நலம். பழங்குடிப் பிள்ளைகளை நல்வழிப்படுத்துவதாகச் சொல்லி, பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளுக்கும் வெள்ளையர் இல்லங்களுக்கும் அனுப்பும் வழக்கம் அங்கே நீண்ட காலம் இருந்தது. அதில் மிஷன்களுக்கும் பங்குண்டு. 1978-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டமொன்று, ஒரு பழங்குடிக் குழந்தையை வேறிடத்தில் வைக்க நேர்ந்தால் முதலில் அதன் உறவினரையும் அதன் மக்களையும் நாட வேண்டும் என்று வரையறுத்தது. அச்சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து மீட்பதைவிட, குடும்பத்தையே பிள்ளைக்காகத் தாங்குவதே அச்சட்டத்தின் நோக்கம்.

இதை நாம் எடுத்துக்கூறுவது அமெரிக்கரைப் பழிக்க அன்று. நம்முடைய விடுதிப் பணியை நினைத்தே கூறுகிறோம். ஏழைப் பிள்ளைகளைச் சமவெளியின் கிறிஸ்தவ விடுதிகளில் சேர்த்துப் படிக்க வைத்த தொண்டு பெரிது. அதனால் ஆசிரியரும் செவிலியரும் ஆனவர் பலர். நம் ஆயர்களுள்ளும் அத்தகையோர் உண்டு. ஆயினும், பிள்ளை விடுதிக்குச் சென்றதால் லைன் வீட்டின் கூரை சீரானதா? தாயின் கூலி உயர்ந்ததா? ஒரு பிள்ளையை மலையிலிருந்து இறக்கிவிட்டதால் மலையைப் பற்றிய கணக்கு தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டோமா? டேனியல், எவ்வளவு குறைகள் இருப்பினும், தாயையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்தே பார்த்தார் என்பதை அவர் சார்பில் சொல்லியாக வேண்டும். அவருடைய நாவலில் ஒரு குழந்தையின் நோய்க்குக் காரணம் தேடினால் அது கணக்குப் புத்தகத்தில் போய் முடிகிறது.

இன்னொரு வெற்றிடத்தையும் சுட்டிக்காட்டுவோம். தேயிலைக்காக வெட்டப்பட்ட காடு ஆளற்ற காடன்று. காடரும் முதுவரும் மலசரும் புலையரும் வாழ்ந்த மலை அது. மயிலோடையின் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள், தாம் அறியாமலேயே மற்றொரு மக்களின் நிலத்தின்மேல் நிரை பிடித்தார்கள். நாவலும் சரி, படமும் சரி, இவர்களை மையத்தில் வைக்கவில்லை. வைத்திருந்தால் அது வேறொரு நாவலாகியிருக்கும் என்பது உண்மைதான். அந்த வேறொரு நாவல் காடர் குடியில் பிறந்த ஒருவரின் கையால் எழுதப்படும் நாளுக்காகக் காத்திருக்கிறோம்.

யாத்திராகமத்தின் தொடக்கத்தில் சிப்பிராள், பூவாள் என்ற இரு மருத்துவச்சிகள் வருகின்றனர். கட்டளையிட்ட மன்னனின் பெயர் அங்கே சொல்லப்படவில்லை; மருத்துவச்சிகளின் பெயர்கள் சொல்லப்பட்டுள்ளன. வேதாகம விளக்கவுரையாளர் பலரும் இதைக் கவனித்துள்ளனர். தோட்ட வாழ்வைப் பற்றிய எழுத்துகளில் துரைகளின் பெயரும் மருத்துவர்களின் பெயரும் கிடைக்கின்றன. லைனில் பிள்ளைப்பேறு பார்த்த பெண்களின் பெயர்கள் கிடைப்பது அரிது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு வால்பாறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். குழந்தைகள் காப்பகத்தில் நெடுநாள் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற முதிய பெண்மணி ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ‘எரியும் பனிக்காட்டின்’ சில பகுதிகளை மாணவர் ஒருவர் உரக்கப் படித்தார். மருத்துவர் வரும் பகுதியைக் கேட்டு அந்த அம்மையார் புன்னகைத்தார். “நல்ல டாக்டருதான் ஐயா. ஆனா அவரு வர்றதுக்கு முன்னாடியும் இங்க பிள்ளை பொறந்துச்சே! எங்க ஆத்தாதான் எட்டு லைனுக்கும் பாத்தா. பாதிப் பிள்ளை தங்கல. தங்கின பாதி யாரு கையில தங்குச்சு?” என்று கேட்டார். மாணவர் ஒருவர் அவருடைய தாயாரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, பொள்ளாச்சியிலிருந்து நடந்து மலையேறும் பகுதி புத்தகத்தில் இருக்கிறதா என்று அந்த அம்மையார் வினவினார். இருக்கிறது என்றோம். அதையே மறுபடியும் படிக்கச் சொன்னார். தம் தாயார் அந்த வழியைப் பற்றி மட்டும்தான் ஓயாமல் பேசுவார் என்றார். மாலைச் சங்கு ஊதும்வரை படித்தோம்.